ஃபிளாஸ்க் ஆப்பின் லாக்: சர்வரில் சில செய்திகள் வருவதே இல்லை, சில இரண்டு முறை வருகின்றன

#1 காட்பாடிவாசி

வணக்கம். வேலூரில் ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜ்கள் சிலவற்றுக்கு அறை முன்பதிவு ஆப் ஒன்றைப் பராமரிக்கிறேன். தங்க வருபவர்கள் பெரும்பாலும் மேற்கு வங்கம், ஜார்கண்ட், அசாம், பங்களாதேஷ் பக்கமிருந்து சிகிச்சைக்கு வரும் குடும்பங்கள். ரயில் ஏறும் முன்பே ஆன்லைனில் முன்பணம் கட்டிவிடுவார்கள். நோயாளியோடு காட்பாடி ஜங்ஷனில் இறங்கி ஆட்டோ பிடித்து வந்து நிற்பவரிடம் "உங்கள் பெயரில் புக்கிங் இல்லை" என்று ரிசப்ஷனில் சொன்னால் அவர்கள் எங்கே போவார்கள்? பணம் வந்ததா, புக்கிங் பதிவானதா, எஸ்எம்எஸ் போனதா என்று லாக்கை (ஆப் என்ன செய்தது என்று எழுதிவைக்கும் பதிவை) பார்த்து அந்த நிமிடமே பதில் சொல்ல முடிய வேண்டும். இப்போது முடியவில்லை.

பைத்தான் 3.12, ஃபிளாஸ்க் (பைத்தானில் வெப் ஆப் எழுத உதவும் கட்டமைப்பு), உபுண்டு சர்வர். ஆப்பை ஓட்டும் குனிகார்னில் மூன்று வொர்க்கர், முன்னால் ரிக்வெஸ்டுகளை வாங்கும் வெப் சர்வர் என்ஜின்எக்ஸ், லினக்ஸின் சிஸ்டம்டி சர்வீஸாக ஓடுகிறது. ஆப் ஒரு பைல். பேமெண்ட், எஸ்எம்எஸ் இரண்டும் பக்கத்திலேயே தனித்தனி மாட்யூல்கள், ஒவ்வொன்றும் தன் பெயரில் ஒரு லாகர் வைத்திருக்கிறது.

நடப்பது இதுதான். ஆப் லாகரில் எழுதும் இன்ஃபோ செய்திகள் லேப்டாப்பில் டீபக் மோடில் ஓட்டினால் வருகின்றன, சர்வரில் வருவதே இல்லை. எரர் வந்தால் இரண்டு முறை வருகிறது: ஒன்றில் அடைப்புக்குறிக்குள் நேரம் இருக்கிறது, இன்னொன்றில் நேரமே இல்லை. பேமெண்ட் மாட்யூலின் இன்ஃபோ எங்கேயும் வரவில்லை. அந்த மாட்யூலுக்குள்ளேயே ரொட்டேட்டிங் ஃபைல் ஹேண்ட்லர் (அளவு எட்டியதும் புதுப் பைலுக்கு மாறி எழுதுவது) ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பைலிலும் இடையிடையே வரிகள் காணாமல் போகின்றன.

கோடு பழையது, வேறொருவர் ஆரம்பித்தது. ஆப் உருவான பிறகு கீழே ஓரிடத்தில் லாகிங்கை அமைக்கும் பேசிக்கான்ஃபிக் என்று ஒரு வரி, லெவல் எதுவும் கொடுக்காமல் இருக்கிறது. எங்கே தொடங்குவது?

#2 ஆம்பூர்

எங்கள் ஷூ அப்பர் ஜாப்-ஒர்க் யூனிட்டுகளுக்கான பில் ஆப்பிலும் இதே சிக்கல் வந்தது. குனிகார்ன் எரர் லாகரின் ஹேண்ட்லர்களையும் லெவலையும் எடுத்து ஆப் லாகரில் போட்டுவிடுங்கள். இரண்டே வரி. உடனே இன்ஃபோ வர ஆரம்பித்துவிடும்.

#3 சத்துவாச்சாரி

ஆம்பூர் தம்பி சொன்னதைச் செய்தால் ஆப் லாகர் மட்டும் பேசும். காட்பாடிக்காரருக்கு முக்கியமே பேமெண்ட் மாட்யூல்தான், அது ஊமையாகவே இருக்கும். அது மட்டுமல்ல, குனிகார்ன் இல்லாமல் இரவில் கிரானில் (குறித்த நேரத்தில் தானே ஓட்டும் வசதியில்) ஓடும் ஸ்கிரிப்ட் இருந்தால் அங்கே அந்த ஹேண்ட்லரே கிடையாது. ஆகவே கொஞ்சம் பொறுமையாக, அடியிலிருந்து பார்ப்போம்.

பைத்தான் லாகிங்கில் லாகர் வேறு, ஹேண்ட்லர் வேறு. லாகர் செய்தியைச் சொல்கிறது, அவ்வளவுதான். அது திரையில் வருமா, பைலுக்குப் போகுமா, மெயிலாகப் போகுமா என்பது ஹேண்ட்லரின் வேலை. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு ஒவ்வொரு மாட்யூலிலும் ஹேண்ட்லரைச் செருகுவதில்தான் முக்கால்வாசிக் குழப்பம் பிறக்கிறது. மாட்யூலுக்குள் லாகரை வாங்கும் ஒரு வரி போதும். ஹேண்ட்லர் எதுவும் அங்கே இருக்கக் கூடாது.

அடுத்தது லெவல். டீபக் 10, இன்ஃபோ 20, வார்னிங் 30, எரர் 40, கிரிட்டிக்கல் 50. ஒரு லாகருக்கு லெவல் வைக்காவிட்டால் அது தன் மேலாளைப் பார்க்கும், அவரிடமும் இல்லாவிட்டால் அவருக்கு மேலே, கடைசியில் எல்லா லாகர்களுக்கும் பொதுவான ரூட் லாகர். ரூட்டின் இயல்பான லெவல் வார்னிங். டீபக் மோடில் ஓட்டும்போது ஃபிளாஸ்க் தானே ஆப் லாகருக்கு டீபக் லெவலை வைத்துவிடுகிறது. அதனால்தான் லேப்டாப்பில் இன்ஃபோ தெரிகிறது. சர்வரில் டீபக் மோடு கிடையாது, இருக்கவும் கூடாது. அங்கே ஆப் லாகர் ரூட்டைப் பார்த்து வார்னிங்குக்குக் கீழே உள்ளதையெல்லாம் தள்ளிவிடுகிறது. பேமெண்ட் லாகரும் அப்படியே, அதற்கு டீபக் மோடு சலுகைகூடக் கிடையாது. நீங்கள் பார்த்த நான்கு அறிகுறிகளில் இரண்டு இங்கேயே தீர்ந்தன.

இனி அந்த இரட்டை வரி. நம் பாலாற்றுப் பக்கத்து ஏரிகள் சங்கிலியாக இருப்பது உங்களுக்குத் தெரியும். மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாகக் கீழ் ஏரிக்குத் தண்ணீர் இறங்கும். லாகரும் அப்படித்தான்: தன் ஹேண்ட்லரிடம் கொடுத்த செய்தியை அடுத்த லாகருக்கும் இறக்கிவிடும். புராபகேட் என்பது இதுதான். உங்கள் கோடில் யாரோ ஆப் லாகரை முதலில் தொட்டிருக்கிறார்கள். அப்போது ஹேண்ட்லர் எதுவும் இல்லாததால் ஃபிளாஸ்க் தன்னுடைய ஒன்றை மாட்டிவிட்டது, அதுதான் அடைப்புக்குறிக்குள் நேரம் போடும் வரி. பிறகு பேசிக்கான்ஃபிக் ரூட்டில் இன்னொன்றை மாட்டியது, அதன் இயல்பான வடிவத்தில் லெவல், பெயர், செய்தி மட்டும்தான், நேரம் கிடையாது. ஒரே செய்தி இரண்டிலும் விழுகிறது. இங்கே பலரும் தவறவிடும் ஒன்று உண்டு: கீழே இறங்கும் செய்தியை ரூட் லாகரின் லெவல் தடுக்காது. அங்கே உள்ள ஹேண்ட்லரின் லெவல் மட்டும்தான் பார்க்கப்படும்.

ஆகவே செய்ய வேண்டியது ஒன்றுதான். மொத்த ஏற்பாட்டையும் ஒரே இடத்தில், டிக்ட்கான்ஃபிக் (அமைப்பு முழுவதையும் ஒரு பைத்தான் அகராதியாகக் கொடுக்கும் முறை) வழியாக, ஃபிளாஸ்க் ஆப் உருவாகும் முன்பே செய்துவிடுங்கள். ஃபிளாஸ்க் ஆவணமும் இதையேதான் சொல்கிறது. அகராதியில் வெர்ஷன் 1 கட்டாயம். ஃபார்மேட்டர் ஒன்று: நேரம், லெவல், லாகர் பெயர், செய்தி. ஹேண்ட்லர் ஒன்று: ஸ்டாண்டர்ட் எரருக்கு எழுதும் ஸ்ட்ரீம் ஹேண்ட்லர். ரூட்டுக்கு லெவல் இன்ஃபோ, அந்த ஹேண்ட்லர். முடிந்தது. ரூட்டில் ஏற்கெனவே ஹேண்ட்லர் இருப்பதைக் கண்டால் ஃபிளாஸ்க் தன்னுடையதை மாட்டாது, இரட்டை வரியும் நின்றுவிடும். பழைய பேசிக்கான்ஃபிக் வரியையும் பேமெண்டுக்குள் இருக்கும் ரொட்டேட்டிங் ஹேண்ட்லரையும் எடுத்துவிடுங்கள்.

#4 காட்பாடிவாசி

ரொம்ப நன்றி சார். ஏரி உதாரணத்தில் புராபகேட் சட்டென்று விளங்கிவிட்டது. சொன்னபடியே ஆப் பைலில் இம்போர்ட் வரிகளுக்கு அடுத்து, ஆப் உருவாவதற்கு முன்பு, டிக்ட்கான்ஃபிக்கை வைத்தேன். ஆப் லாகர் சர்வரிலும் பேசுகிறது, இரட்டை வரி போய்விட்டது. ஆனால் பேமெண்ட், எஸ்எம்எஸ் இரண்டும் இப்போது முழுக்க மௌனம். முன்பு வந்த வார்னிங்கூட வரவில்லை.

#5 சத்துவாச்சாரி

டிசேபிள் எக்ஸிஸ்டிங் லாகர்ஸ் என்ற சாவியை ஃபால்ஸ் என்று வையுங்கள். அதன் இயல்பான மதிப்பு ட்ரூ. டிக்ட்கான்ஃபிக் ஓடும் நேரத்தில் ஏற்கெனவே பிறந்துவிட்ட லாகர்களில், கான்ஃபிக்கில் பெயர் இல்லாதவற்றை அது முடக்கிவிடும். பேமெண்டை நீங்கள் மேலேயே இம்போர்ட் செய்துவிட்டீர்கள், அந்த நொடியே அதன் லாகர் பிறந்துவிட்டது. கான்ஃபிக்கில் ரூட் இருப்பது அதைக் காப்பாற்றாது.

இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. எரர் எதுவும் காட்டாமல் லாகரை அணைத்துவிடுவது லாகிங்கில் இருக்கவே கூடாத குணம். பழைய இணக்கத்துக்காக அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள்.

#6 காட்பாடிவாசி

சரி சார், வந்துவிட்டது. மூன்று மாட்யூலும் பேசுகின்றன.

#7 வாலாஜா

கல்லூரியில் படிக்கிறேன், இழையைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறேன். ஒரு கேள்வி அண்ணா. கடைசியில் எல்லாம் ஸ்டாண்டர்ட் எரருக்குத்தான் போகிறது என்றால் பிரிண்ட் போட்டாலே போதாதா?

#8 ஆம்பூர்

தம்பி, பிரிண்டில் லெவல் கிடையாது, எந்த மாட்யூல் என்று தெரியாது, நேரம் கிடையாது. அதைவிட முக்கியம், நீங்கள் பயன்படுத்தும் லைப்ரரிகள் லாகிங் வழியாகத்தான் பேசுகின்றன. அவற்றின் குரலை ஏற்றி இறக்க பிரிண்டால் முடியாது. எக்ஸெப்ட் பகுதிக்குள் லாகரின் எக்ஸெப்ஷன் முறையைக் கூப்பிட்டால் முழு டிரேஸ்பேக்கும் (எரர் எந்த வரியில், எந்த வழியாக வந்தது என்ற விவரம்) செய்தியோடு சேர்ந்து வரும். நடு இரவில் அந்த டிரேஸ்பேக் இருப்பதும் இல்லாததும் பெரிய வித்தியாசம்.

இன்னொன்று: டீபக் வரிகளில் சரத்தை முன்பே கோர்த்துக் கொடுக்காதே. சதவீதக் குறி வைத்த வார்ப்பையும் மதிப்பையும் தனித்தனியாகக் கொடு. லெவல் தடுத்தால் கோர்க்கும் வேலையே நடக்காது.

#9 குடியாத்தம்

சர்வர் பக்கம் வேலை பார்ப்பவன் என்ற முறையில் அந்தக் காணாமல் போன வரிகளைப் பற்றிச் சொல்கிறேன், அதை யாரும் தொடவில்லை.

மூன்று வொர்க்கர் என்றால் மூன்று தனிப் புராசஸ். மூன்றும் ஒரே பைலைத் திறந்து வைத்திருக்கின்றன. அளவு எட்டியதும் ஒரு வொர்க்கர் பைலின் பெயரை மாற்றிப் புதிதாக ஒன்றைத் திறக்கிறது. மற்ற இரண்டுக்கும் அது தெரியாது, பெயர் மாறிய பழைய பைலிலேயே எழுதிக்கொண்டிருக்கும். பிறகு அவற்றின் முறை வரும்போது அவையும் பெயர் மாற்றும், அப்போது ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் பழைய வரிகள் அழிகின்றன. ஒரே புராசஸுக்குள் பல திரெட்கள் எழுதுவதைப் பைத்தான் பார்த்துக்கொள்கிறது. பல புராசஸ்கள் ஒரே பைலில் எழுதுவதை ஆதரிப்பதில்லை என்று ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது.

அதனால் ஆப் தானாக எந்த லாக் பைலையும் திறக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஸ்டாண்டர்ட் எரரில் எழுதட்டும், சிஸ்டம்டியின் பதிவேடான ஜர்னல் வாங்கிக்கொள்ளும். அதைப் படிக்கும் கட்டளையான ஜர்னல்சிடிஎல்லில் சர்வீஸ் பெயரும் நேரமும் கொடுத்துத் தேடலாம், மூன்று வொர்க்கரின் வரிகளும் வரிசையாக இருக்கும், வட்டு நிரம்பும் பயமும் குறைவு: ஜர்னல் இயல்பாகவே பைல் சிஸ்டத்தில் பத்து சதவீதத்துக்குள், அதிகபட்சம் 4 ஜிபிக்குள் நின்றுகொள்ளும்.

இரண்டு விஷயம் கவனியுங்கள். சர்வரை ரீபூட் செய்தாலும் ஜர்னல் இருக்க வேண்டுமானால் வார் லாகுக்குள் ஜர்னல் என்ற டைரக்டரி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் நினைவகத்தில் மட்டும்தான் இருக்கும். இரண்டாவது, ஒரு சர்வீஸ் வரம்புக்கு மேல் கொட்டினால் (இயல்பான அடிப்படை 30 வினாடியில் 10,000 செய்தி, வட்டில் காலி இடம் அதிகமிருந்தால் அது உயரும்) மிச்சத்தை ஜர்னல் எறிந்துவிடும். லாட்ஜ் ஆப்புக்கு அந்த அளவு வராது, ஆனால் யாராவது ரூட்டை டீபக்கில் வைத்து மறந்துவிட்டால் வரும்.

#10 ஆம்பூர்

இதை நான் முழுதாக ஏற்க மாட்டேன். எங்கள் யூனிட்டில் கணக்குப் பார்க்கும் அக்காவுக்கு ஜர்னல்சிடிஎல் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. பைல் இருந்தால் அவர் ஷேர் ஃபோல்டரில் திறந்து பில் எண்ணைத் தேடிக்கொள்கிறார். லாக்கை யார் படிக்கப் போகிறார்கள் என்று பார்த்துத்தானே அதை எங்கே வைப்பது என்று முடிவெடுக்க வேண்டும்? சர்வர் அட்மின் வசதிக்காக மட்டும் லாக் கிடையாது. லாட்ஜ் மேனேஜரும் பார்க்க வேண்டியிருக்கும்.

#11 குடியாத்தம்

நியாயமான பேச்சு. பைல் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆப் எழுத வேண்டாம் என்கிறேன். உபுண்டுவில் ஆர்சிஸ்லாக் (லாக் செய்திகளை வாங்கிப் பைல்களில் எழுதும் சர்வீஸ்) இருந்தால் அது ஜர்னலுக்கு வருவதையும் பெற்றுக்கொள்கிறது. சர்வீஸ் பைலில் சிஸ்லாக் ஐடென்டிஃபையர் என்று ஒரு பெயர் கொடுங்கள். ஆர்சிஸ்லாக்கில் அந்தப் பெயருள்ள செய்திகளை மட்டும் தனிப் பைலில் எழுது என்று ஒரு விதி போடுங்கள். எழுதுவது ஒரே புராசஸ் என்பதால் லாக்ரொட்டேட் (பழைய லாக் பைலை ஒதுக்கிப் புதியதைத் தொடங்கும் கருவி) தினமும் நிம்மதியாகச் சுழற்றும். அக்காவுக்குப் பைலும் கிடைத்தது, வரியும் தொலையவில்லை.

ஒரே வொர்க்கர் வைத்து ஆப்பே எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் ரொட்டேட்டிங் ஹேண்ட்லரை விட்டு வாட்ச்ட் ஃபைல் ஹேண்ட்லரைப் பயன்படுத்துங்கள். லாக்ரொட்டேட் வெளியிலிருந்து பைலை மாற்றினால் அது கவனித்துப் புதியதைத் திறந்துகொள்ளும். லினக்ஸில் மட்டும், விண்டோஸுக்குப் பொருந்தாது.

#12 ஆம்பூர்

ஐடென்டிஃபையர் வழி நன்றாக இருக்கிறது அண்ணா. எங்களிடமும் மாற்றிவிடுகிறேன்.

#13 பாகாயம்

எல்லாரும் லாக் எப்படி வெளியே வர வேண்டும் என்று பேசுகிறீர்கள். என்ன வரக் கூடாது என்பதையும் பேசுங்கள், இந்த ஆப் விஷயத்தில் அதுதான் பெரிது.

வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறைக்கு ஆன்லைனில் விவரம் அனுப்ப வேண்டும், இங்கே எல்லாரும் சி ஃபாரம் என்று சொல்வது. அதில் பாஸ்போர்ட் எண், விசா எண் எல்லாம் உண்டு. அந்த ஃபாரத்தை வாங்கும் ஃபங்ஷனில் யாராவது "வந்த ரிக்வெஸ்ட் இது" என்று மொத்தத்தையும் டீபக்கில் எழுதி வைத்திருந்தால், ஒருவர் நோயாளி, எந்த நாட்டுக்காரர், எந்த அறையில் இருக்கிறார் என்பது முழுவதும் லாக்கில் படுத்திருக்கும். டேட்டாபேஸுக்குப் பாஸ்வேர்ட் வைத்துப் பூட்டுகிறோம், லாக் பைலை ஷேர் ஃபோல்டரில் போடுகிறோம். ஆம்பூர் தம்பி, உங்கள் ஷேர் ஃபோல்டரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பெரிய கம்பெனிகளே இதில் தடுக்கியிருக்கின்றன. 2018 மே மாதம் ட்விட்டர், பாஸ்வேர்டுகள் மறைக்கப்படாமல் தன் உள் லாக்கில் எழுதப்பட்டதாக அறிவித்து எல்லாப் பயனர்களையும் பாஸ்வேர்ட் மாற்றச் சொன்னது.

காட்பாடிவாசி, உங்கள் ஆப்பில் நான் முதலில் பார்க்கச் சொல்வது எஸ்எம்எஸ் மாட்யூல். பல எஸ்எம்எஸ் கேட்வேக்கள் ஏபிஐ சாவியையும் போன் எண்ணையும் முகவரியிலேயே கேள்விக்குறிக்குப் பின்னால் வாங்குகின்றன. ரூட்டை டீபக்கில் வைத்தீர்களானால் வெளியே ரிக்வெஸ்ட் அனுப்பும் யுஆர்எல்லிப்3 லைப்ரரி அந்த முகவரிப் பாதையை முழுதாக லாக்கில் எழுதும், சாவியோடு. கான்ஃபிக்கில் அதன் பெயரைத் தனியாகக் குறிப்பிட்டு வார்னிங் லெவலில் வைத்துவிடுங்கள். அதேபோல் என்ஜின்எக்ஸ் ஆக்சஸ் லாக். தேடல் பக்கம் போன் எண்ணை கெட் முறையில், அதாவது முகவரியிலேயே, வாங்கினால் பைத்தானில் என்ன செய்தாலும் அங்கே பதிந்துவிடும். போஸ்ட் முறைக்கு மாற்றுங்கள்.

மறைக்க ஃபில்டர் எழுதலாம். ஆனால் ஃபில்டர் கடைசி வேலிதான். முதலில் செய்ய வேண்டியது ஆளைப் பற்றிய எதையும் எழுதாமல் புக்கிங் எண்ணை மட்டும் எழுதுவது. புக்கிங் எண் இருந்தால் மற்றதை டேட்டாபேஸில், அனுமதி உள்ளவர் பார்த்துக்கொள்ளலாம்.

#14 வாலாஜா

அக்கா, பாஸ்போர்ட் எண்ணை மறைக்கும் ஃபில்டர் ஒன்றை எழுதி ரூட் லாகரில் சேர்த்துப் பார்த்தேன். ரூட்டில் நேராக எழுதினால் மறைகிறது. பேமெண்ட் என்ற லாகரில் எழுதினால் மறையவில்லை. ஏன்?

#15 பாகாயம்

நல்ல சோதனை தம்பி, இதைப் பலர் சோதிக்காமலே நம்பிவிடுகிறார்கள். லாகரில் மாட்டிய ஃபில்டர் அந்த லாகரில் நேராகப் பிறக்கும் செய்திகளுக்கு மட்டும்தான். மற்ற லாகர்களிலிருந்து வந்து சேரும் செய்திகள் நேரே ஹேண்ட்லருக்குப் போய்விடும், லாகரின் ஃபில்டரைத் தொடாது. சத்துவாச்சாரி சார் லெவலைப் பற்றிச் சொன்னதும் இதே காரணத்தால்தான். ஃபில்டரை ஹேண்ட்லரில் மாட்டு, எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

ஃபில்டருக்குள் செய்தியை நேராக மாற்றினால் அடுத்த ஹேண்ட்லருக்கும் மாறிய செய்திதான் போகும். 3.12இலிருந்து ஃபில்டர் புதிய ரெக்கார்டையே திருப்பித் தரலாம். பிரதி எடுத்து, அதில் மாற்றிக் கொடுத்துவிடு.

இன்னொரு ஆபத்தையும் தெரிந்துகொள். பெயர்க் கட்டத்தில் ஒருவர் பெயருக்கு நடுவே புது வரிக் குறியீட்டை நுழைத்து, அடுத்த வரியில் "இன்ஃபோ பேமெண்ட்: பணம் வந்தது" என்று தட்டினால்? உன் லாக்கில் அது உண்மையான வரி போலவே நிற்கும். மேனேஜர் அதை நம்பி அறையைக் கொடுத்துவிடுவார். 2021 டிசம்பரில் ஜாவா உலகத்தையே ஆட்டிய லாக்4ஷெல் ஓட்டையும் வெளியார் தட்டிய எழுத்து லாக்குக்குள் போனதிலிருந்து வந்ததுதான்: ஜாவாவின் லாகிங் லைப்ரரியான லாக்4ஜே அந்த எழுத்தைப் படித்து, அதில் சொன்ன இடத்துக்குப் போய்க் கோடை இறக்கி ஓட்டியது. பைத்தான் லாகிங் அப்படிச் செய்வதில்லை, ஆனாலும் வெளியார் எழுத்தை நம்பாதே. ஒரு செய்திக்கு ஒரு வரி என்று ஜேசானில் (பெயரும் மதிப்புமாக எழுதும் வடிவத்தில்) எழுதினால் புது வரிக் குறியீடு உள்ளேயே அடைபட்டுவிடும்.

#16 குடியாத்தம்

ஜேசானுக்கு என் ஓட்டும். ஜர்னல் ஒவ்வொரு வரியையும் தனிப் பதிவாக எடுப்பதால் டிரேஸ்பேக் துண்டு துண்டாகிவிடும், இரண்டு வொர்க்கரின் டிரேஸ்பேக் ஒன்றோடொன்று கலந்துவிட்டால் பிரிக்கவே முடியாது. ஜேசானில் அது ஒரே கட்டத்தில் அடங்கும்.

கூடவே ரிக்வெஸ்ட் எண்ணும் போடுங்கள். என்ஜின்எக்ஸ் ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் ஓர் எண் உருவாக்கித் தரும். அதைத் தலைப்பில் ஆப்புக்கு அனுப்பி, ஹேண்ட்லர் ஃபில்டரில் எடுத்து எல்லா வரியிலும் ஒட்டிவிட்டால், ஒரு பயணியின் பணம் தொடங்கி எஸ்எம்எஸ் வரை மொத்தக் கதையும் ஒரே தேடலில் வரும். ரிக்வெஸ்டுக்கு வெளியே ஓடும் கோடும் உண்டு, அங்கே அந்த எண் இருக்காது. இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

#17 காட்பாடிவாசி

இவ்வளவும் கிடைக்கும் என்று நினைக்கவில்லை. பாகாயம் அக்கா சொன்ன எஸ்எம்எஸ் சாவி விஷயம் அப்படியே இருந்தது. கேட்வேயில் சாவியை மாற்றிவிட்டு லைப்ரரி லெவலையும் வார்னிங்கில் வைத்துவிட்டேன்.

அடுத்த கேள்வி மெயில். பணம் பிடிக்கப்பட்டு புக்கிங் எழுத முடியாமல் போனால் எனக்கு உடனே தெரிய வேண்டும். மெயில் அனுப்பும் எஸ்எம்டிபி ஹேண்ட்லர் ஒன்றை எரர் லெவலில் வைக்கலாமா?

#18 சத்துவாச்சாரி

வைக்கலாம், ஆனால் நேராக வைக்காதீர்கள். மெயில் சர்வர் பதில் சொல்லும்வரை அல்லது டைம்அவுட் ஆகும்வரை அந்த ரிக்வெஸ்ட் அங்கேயே நிற்கும். மெயில் சர்வர் தூங்கிவிட்டால் பயணியின் பக்கமும் அதுவரை சுற்றிக்கொண்டிருக்கும். இதற்குத்தான் கியூ ஹேண்ட்லர். லாகர் செய்தியைக் கியூவில் போட்டுவிட்டு உடனே திரும்பிவிடும், பின்னால் கியூ லிசனர் தனித் திரெட்டில் மெயிலை அனுப்பும். 3.12இல் இதை டிக்ட்கான்ஃபிக் வழியாகவே அமைக்கலாம்.

இதில் இரண்டு பள்ளம் உண்டு. லிசனரில் ரெஸ்பெக்ட் ஹேண்ட்லர் லெவல் என்ற ஒன்று இருக்கிறது, இயல்பில் ஃபால்ஸ். அப்படியே விட்டால் மெயில் ஹேண்ட்லரில் நீங்கள் வைத்த எரர் லெவலை அது பார்க்கவே பார்க்காது, இன்ஃபோ எல்லாம் மெயிலாகப் பறக்கும். ட்ரூ என்று வையுங்கள். மற்றது, குனிகார்னில் பிரீலோட் போட்டிருந்தால் ஆப் தாய்ப் புராசஸில் ஏறிப் பிறகு வொர்க்கர்களாகப் பிரிகிறது. தாயில் தொடங்கிய திரெட் பிள்ளைகளுக்கு வராது. லிசனரை குனிகார்னின் போஸ்ட் ஃபோர்க் கொக்கியில் (வொர்க்கர் பிரிந்த பிறகு ஓடும் ஃபங்ஷனில்) தொடங்குங்கள், இல்லாவிட்டால் கியூ நிரம்பிக்கொண்டே இருக்கும், ஒரு மெயிலும் வராது.

கேட்வே ஒரு மணி நேரம் படுத்தால் எத்தனை மெயில் வரும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். ஒரே மாதிரி எரர் பத்து நிமிடத்துக்குள் திரும்ப வந்தால் விட்டுவிடு என்று அந்த ஹேண்ட்லரில் ஒரு சின்ன ஃபில்டர் போடுங்கள்.

#19 ஆம்பூர்

அதற்கும் முன்னால் எது எரர், எது வார்னிங் என்பதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஆப்பில் முகவரியில் ஊரும் மாவட்டமும் பொருந்தாவிட்டால் வார்னிங் எழுது என்று இருந்தது. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டன, ஆற்காடும் வாலாஜாவும் இராணிப்பேட்டைக்கு. ஆனால் பாதிப் பேர் இன்னும் வேலூர் மாவட்டம் என்றுதான் எழுதுகிறார்கள், பழைய ஆட்கள் வட ஆற்காடு என்றே எழுதுகிறார்கள். ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு வார்னிங். உண்மையான வார்னிங் அதற்குள் புதைந்துபோனது. அதை இன்ஃபோவுக்கு இறக்கிய பிறகுதான் லாக்கைக் கண்ணால் பார்க்க முடிந்தது.

நான் வைத்திருக்கும் அளவுகோல்: யாராவது எழுந்து வந்து ஏதாவது செய்தாக வேண்டும் என்றால் எரர். தானே சமாளித்துக்கொண்டது, ஆனால் அடிக்கடி வந்தால் கவலைப்பட வேண்டும் என்றால் வார்னிங். கேட்வே முதல் முறை பதில் சொல்லாமல் இரண்டாம் முறை சொன்னால் வார்னிங். பணம் போய் புக்கிங் இல்லை என்றால் எரர்.

#20 பாகாயம்

அந்தக் கடைசி நிலைக்கு நான் கிரிட்டிக்கல் என்றே சொல்வேன். இந்த ஆப்பில் அதைவிடப் பெரிய தவறு எது? ஒரு குடும்பம் தெருவில் நிற்கிறது.

#21 ஆம்பூர்

சரி அக்கா, லாட்ஜ் ஆப்பில் அப்படியே இருக்கட்டும். மெயில் கிரிட்டிக்கலுக்கு மட்டும், எரர் ஜர்னலில். எனக்குச் சம்மதம்.

#22 குடியாத்தம்

நேரத்தைப் பற்றி. சர்வர் யுடிசியில் ஓடும், லாட்ஜ் லெட்ஜர் நம் நேரத்தில் இருக்கும், ஐந்தரை மணி வித்தியாசம். 24 மணி நேர செக்-அவுட் லாட்ஜில் இது தினமும் சண்டை. லாக்கில் யுடிசியோ இந்திய நேரமோ, எதுவானாலும் வித்தியாசக் குறியோடு எழுதுங்கள். குறி இல்லாத நேரத்தை யார் எப்படிப் படிப்பார்கள் என்று சொல்ல முடியாது.

எவ்வளவு நாள் வைப்பது என்பதற்கும் ஓர் அடிப்படை உண்டு. இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவில் லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், சைபர் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், சர்வர் கடிகாரங்களை அரசு நேர சர்வர்களோடு ஒத்துவைக்க வேண்டும் என்று இருக்கிறது. ஜர்னல் அளவு வரம்பு எட்டினால் பழையதை அழித்துவிடும் என்பதால் 180 நாளுக்கு அதை மட்டும் நம்பாதீர்கள். ஆர்சிஸ்லாக் பைலை லாக்ரொட்டேட்டில் சுருக்கி அந்த அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அனுமதியையும் இறுக்கி வையுங்கள்.

#23 காட்பாடிவாசி

எல்லாம் போட்டாகிவிட்டது. லாகிங் கான்ஃபிக்கைத் தனிப் பைலாக்கி, ஆப் பைலின் முதல் வரியிலேயே அதை இம்போர்ட் செய்கிறேன். மற்ற மாட்யூல்கள் அதற்குப் பிறகுதான் ஏறுகின்றன. ஆள் பெயர் எங்கேயும் இல்லை, புக்கிங் எண் மட்டும்.

ஒன்றே ஒன்று மிச்சம். லாட்ஜ் பெயரும் தெருப் பெயரும் தமிழில் இருக்கின்றன. ஜேசான் லாக்கில் அவை பின்சாய்கோடும் எண்களுமாக வருகின்றன. பைலுக்குள் தேடும் கிரெப் கட்டளையில் தமிழில் தேடினால் எதுவும் கிடைப்பதில்லை.

#24 வாலாஜா

அண்ணா, இது எனக்குத் தெரியும். ஜேசான் ஃபார்மேட்டரில் என்ஷூர் ஆஸ்கி என்பது இயல்பாக ட்ரூ. ஃபால்ஸ் என்று வைத்தால் தமிழ் தமிழாகவே வரும். விண்டோஸ் லேப்டாப்பில் பைலுக்கு எழுதிச் சோதித்தால் ஃபைல் ஹேண்ட்லரில் என்கோடிங் யுடிஎஃப்-8 என்றும் கொடுங்கள், கொடுக்காவிட்டால் தமிழ் எழுத்து வந்ததும் லாகிங் எரர் என்று கத்தும்.

#25 பாகாயம்

அதோடு யூனிகோட் என்எஃப்சி வடிவத்துக்கு (ஒரே எழுத்தை எப்போதும் ஒரே குறியீட்டில் வைப்பது) மாற்றிவிட்டு எழுதுங்கள். "கொ" என்ற எழுத்தை ஒரு கீபோர்டு ஒகரக் குறி ஒன்றாக அனுப்பும், இன்னொன்று எகரக் குறி, கால் என்று இரண்டாகப் பிரித்து அனுப்பும். கண்ணுக்கு ஒன்றுதான், கிரெப்புக்கு வேறு. "கொணவட்டம்" என்று தேடிக் கிடைக்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

#26 காட்பாடிவாசி

இரண்டையும் போட்டேன், கொணவட்டம் கிடைக்கிறது. கான்ஃபிக் பைலை லாட்ஜ் விவரங்களை நீக்கிவிட்டு இங்கே இணைக்கிறேன், வாலாஜா தம்பி சோதித்துப் பார்க்கட்டும். பிரீலோட் இல்லாமல் ஓட்டுகிறேன், போஸ்ட் ஃபோர்க் பகுதியைக் குறிப்பாக மட்டும் விட்டிருக்கிறேன்.